டிமீட்டரின் குழியில் இறங்கியவள்

விதைப்பு மாதமான பியானொப்சியோன், 3

பிலாக்ரோஸ் மறுபடியும் வந்தான். என் கொழுந்தன். நான் பார்லி அரைத்துக்கொண்டிருந்தேன், வாசலில் நின்றபடியே சொன்னான்: "உன் மகன் பேரைச் சேர்க்கணும்னு குலச் சபைக்கு ஆடு அனுப்பினா, பலிபீடத்துலேர்ந்தே அவுத்து இழுத்துட்டுப் போயிடுவேன். எங்க அண்ணன் உன்னை வச்சிருந்தான். கட்டிக்கல."

தெரோன் இறந்து இன்னும் வருடம் திரும்பவில்லை. எங்கள் கல்யாண விருந்துக்கு வந்தவர்களைக் கொள்ளைநோய் கொண்டுபோய்விட்டது, என் அப்பாவையும் சேர்த்து. மிச்சமிருக்கும் சாட்சி இவன் ஒருவன்தான். அன்றைக்கு இரண்டு பங்கு தின்றவன். இப்போது நினைவில்லையாம்.

சபை பெயர் சேர்க்காவிட்டால் அரிஸ்தோன் அப்பன் இல்லாத பிள்ளை. வீடும் வயலும் பிலாக்ரோஸுக்கு. விடுவேனா? சேர்த்தே தீருவேன்.

6

என் தோழி மெலித்தா மூச்சிரைக்க வந்தாள். தானியத் தாய் டிமீட்டரின் நோன்பில், பலியிட்ட பன்றிக்குட்டிகளின் மக்கிய மிச்சத்தை விதைக்காக அள்ளி வரக் குழிக்குள் இறங்க, ஊர்ப் பெண்கள் கூடி என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இந்த ஊர் ஆணுக்கு முறைப்படி வாழ்க்கைப்பட்டவளைத் தவிர வேறு யாரும் அந்தக் குழியை எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

"வேணும்னுதான் செஞ்சீங்களா?" என்றேன்.

"பின்ன, உன் அழகுக்கா? இறங்கறதுக்கு முன்னால மூணு நாள் புருஷன் பக்கம் போகக் கூடாது, ஞாபகம் வச்சுக்கோ." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இருவரும் சிரித்தோம். அப்புறம் நான் அழுதேன்.

11

பிலாக்ரோஸ் கோயில் வழியை மறித்துக்கொண்டு நின்றான். "இவ தொட்டா ஊர் விதை பாழாப் போயிடும்."

நோன்பு நாளில் பெண்கள் வாய்க்குப் பூட்டு கிடையாது, அது வழக்கம். மெலித்தா முன்னால் வந்தாள். "வழியை விடுடா. இல்லேன்னா முக்காடு போட்டுக்கிட்டு நீயும் வா. உள்ள ஒரு பன்றிக்குட்டி குறையுது." மற்றவர்கள் பேசியதை எழுதினால் இந்தப் பலகையின் மெழுகு உருகிவிடும். காது சிவக்கத் திரும்பிப் போனான்.

12

பட்டினி. தரையில் உட்கார்ந்திருக்கிறோம். பயமாக இருக்கிறது — டிமீட்டருக்கு என்னைத் தெரியுமா? ஏன் தெரியாது? மகளைப் பறிகொடுத்துவிட்டு ஊர் ஊராக அலைந்தவள். அவளா என்னிடம் சாட்சி கேட்பாள்?

13

இறங்கினேன். பாம்புகள் விலகுவதற்காக மேலே எல்லோரும் கை தட்டினார்கள். கூடையோடு ஏறி வந்தேன். மற்றதை எழுத மாட்டேன், சத்தியம் செய்திருக்கிறேன்.

கூடையில் வந்ததில் வீட்டுக்கு ஒரு பிடி, விதையோடு கலந்து விதைக்க. பிலாக்ரோஸின் மனைவியும் கை நீட்டினாள். அவளுக்கு நிறையவே போட்டேன்.

17

மழை. ஊரே விதைக்கிறது.

21

இன்று குலச் சபை. பெண்களுக்கு அங்கே இடமில்லை. மெலித்தாவின் கணவர் ஆர்கிப்போஸ்தான் அரிஸ்தோனைத் தோளில் வைத்துக்கொண்டு ஆட்டை ஓட்டிப் போனார். எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அரைத்த மாவையே மறுபடி அரைத்தேன்.

திரும்பி வந்து, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுத்தான் சொன்னார். மனுஷனுக்கு அப்படி என்ன தாகமோ.

"அவன் ஆட்டுக் கயித்துல கையை வச்சாம்மா. இவ எங்க அண்ணன் பொண்டாட்டியே இல்லன்னான். நான் எதிர்த்துப் பேசல. சரிப்பா, அப்போ இவ கையால வந்ததைக் கலந்து விதைச்சிருக்கோமே, எல்லார் வயலையும் உழுது அழிச்சிடலாம், முதல்ல உன் வயலா என் வயலான்னு கேட்டேன். எல்லாரும் அவனையே பாத்தாங்க."

"அவன்?"

"விதைச்சிட்டானே. கயித்தை விட்டுட்டான்."

அரிஸ்தோனின் பங்கு இறைச்சி வந்திருந்தது. சுட்டுக் கொடுத்தேன். 'தெரோன் மகன் அரிஸ்தோன்' என்று சபையில் கூப்பிட்டார்களாம். வாய் நிறைய இறைச்சியோடு அதையே சொல்லிச் சொல்லிக் காட்டுகிறான்.

இன்னும் சத்தமாச் சொல்லுடா என்றேன். பக்கத்து வீடு பிலாக்ரோஸுடையது.