கிட்டக் காட்டிய போன்

2024 மாசி 6, செவ்வாய்

ஆண்கள் வாட்டில் இன்னாசித்தம்பி அண்ணையின் காலில் திருக்கை மீன் முள் ஏறிய காயம் இன்னும் சீழ் வடிகிறது. மருந்து கட்டிக் கை கழுவி, பிரான்சில் இருக்கும் மகனை என் போனில் வீடியோவில் எடுத்துக் கொடுத்தேன். மனுஷன் காயக் கட்டைச் சொறிந்த கையாலேயே வாங்கித் திரைக்கு முத்தம் கொடுக்கிறார்! சிரித்துக்கொண்டே சட்டையில் துடைத்துப் பைக்குள் போட்டேன்.

பிறகு பெண்கள் வாட்டு. அன்னபூரணம் அக்கா, யாழ்ப்பாணத்தில் இடுப்பெலும்பு ஒப்பரேசன் செய்து இங்கே அனுப்பியிருக்கிறார்கள். கனடாவில் இருக்கும் மகள் வினோஜாவுக்குத் தாயின் தையலைப் பார்க்க வேண்டுமாம். ஒரு கையில் போன், மற்றக் கையால் கட்டை அவிழ்த்தேன். போனை மாற்றிப் பிடித்து, போன் பிடித்த கையால் மிச்சக் கட்டையும் அவிழ்த்தேன். “கிட்டக் காட்டுங்கோ அக்கா” என்றாள் வினோஜா. காட்டினேன்.

மாசி 10, சனி

அன்னபூரணம் அக்காவுக்குக் காய்ச்சல். தையல் சிவந்திருக்கிறது.

மாசி 12, திங்கள்

சீழ். அம்புலன்சில் யாழ்ப்பாணம் அனுப்பினோம். “பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ மிஸ்ஸி, பயந்திடுவாள்” என்றார்.

மாசி 15, வியாழன்

தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதி நிலாந்தி வந்து கதவுப் பிடி, பிரஷர் பட்டி, மருந்து வண்டி, பேனை எல்லாவற்றையும் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தார். போகும்போது, “உம்மட போனையும் தாரும்.” எனக்குக் கோபம் வந்தது. பதினெட்டு வருஷத்தில் கை கழுவாமல் ஒரு நோயாளியையும் தொட்டதில்லை.

மாசி 20, செவ்வாய்

இரண்டு பேரின் சீழிலும் ஒரே கிருமி. என் போனிலும் அதே. வேறு எந்தச் சாமானிலும் இல்லை.

நிலாந்தி ஏசவில்லை. “கை கழுவினனீர், சரி. பிறகு எதைத் தொட்டனீர்?”

ஐயோ. நான் நல்லதெண்டுதானே செய்தனான்?

மாசி 21, புதன்

காலை பத்து மணிக்கு அன்னபூரணம் அக்கா செத்துப்போனார். வினோஜாவிடம் கிருமித் தொற்று என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். மிச்சத்தை ஆர் சொல்லுறது? நான்தான். ஏலாமல் கிடக்கு.

பங்குனி 3, ஞாயிறு

இன்னாசித்தம்பி அண்ணை சுகமாகி வீட்டுக்குப் போனார். நண்டு கொண்டுவந்து தருவாராம். வேண்டாம் என்றேன்.

பங்குனி 22, வெள்ளி

இன்று அன்னபூரணம் அக்காவின் முப்பத்தோராம் நாள். வினோஜா கனடாவிலிருந்து போன் எடுத்தாள். “நீங்கள் இல்லாட்டி அம்மாவின்ர முகத்தைக்கூடப் பாத்திருக்கமாட்டன் அக்கா.”

ஓம் என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். வைக்கவில்லை. சீழ், முத்தம், சட்டையில் துடைத்தது, எல்லாம் சொன்னேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“கிட்டக் காட்டுங்கோ எண்டு நான்தானே கேட்டனான்” என்றாள்.

இல்லைப் பிள்ளை என்று சொல்வதற்குள் வைத்துவிட்டாள். நாலு தரம் திருப்பி எடுத்துப் பார்த்துவிட்டேன். மணி போகிறது, எடுக்கிறாள் இல்லை.