வியாழனுக்கு இடப்பக்கம் மூன்று நிலா

என் செல்ல அண்ணே,

முதலில் என் கண்ணில் பட்டது மூன்று புள்ளிகள்தான். போன வாரம் வீட்டுப் பின்புறத்தில் உன் தொலைநோக்கியை நிறுத்தி, முதல்முறையாக நானே வியாழனைப் பார்த்தேன். அதன் நிலாக்களில் மூன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். கைத்தொலைபேசியில் நீ வைத்திருந்த வான்படச் செயலியோ அந்த மூன்றையும் வலப்பக்கம் காட்டியது.

எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். பிறகு நீ சொன்னது நினைவுக்கு வந்தது. "உள்ள ஒரு கண்ணாடி இருக்குலா. இடம் வலமாயிரும். நான் சொல்றபடியே வரை, திருத்தாதே."

பின்சந்தில் இப்போது வெள்ளை விளக்கு மாட்டிவிட்டார்கள், அண்ணே. நட்சத்திரம் என்று சொல்லிக்கொள்ள ஏழெட்டுதான் மிச்சம். பழைய விளக்குக்கே நீ கறுப்புக் கைலியைத் தலையோடு போர்த்திக்கொண்டுதான் குனிவாய். பக்கத்து வீட்டு மணியம் மாமா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்னடா, யாருக்குப் பாஸ்போர்ட் படம் புடிக்கிறே?" என்பார். "வியாழனுக்கு மாமா. சிரிக்கவே மாட்டேங்கிறான்," என்பாய். கைலிக்குள்ளிருந்து நீ சொல்லச் சொல்ல, நான் நோட்டில் வரைவேன்.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு, செயலியில் பழைய தேதிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். தைப்பூசம் வரைக்கும் நம் படங்கள் எல்லாம் இடம் வலம் மாறித்தான் இருந்தன. அதுதான் சரி. அதற்குப் பிறகு, நீ இறந்த வாரம் வரைக்கும், ஒரு படம்கூட மாறவில்லை. செயலி காட்டும் அதே பக்கம், அதே வரிசை. அப்படியென்றால் நீ குழாய்க்குள் பார்க்கவே இல்லை. கைலிக்குள் கைத்தொலைபேசியைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாய். ஒருநாள் உள்ளே வெளிச்சம் தெரிகிறதே என்று கேட்டேன். "மணி பார்த்தேன்லா," என்றாய்.

ஏன் அண்ணே?

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் உன்னோடு வேலை பார்த்த பாலா அண்ணன் வீட்டுக்குப் போனேன். எனக்கு யாரிடமும் பேச வராது, உனக்குத் தெரியும். வாசல்வரை போய் இரண்டு முறை திரும்பிவிட்டேன். மூன்றாவது முறை கூப்பிட்டேன்.

நோட்டில் கண்டதைச் சொல்லிக் கேட்டேன்; அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "ரெண்டு கண்ணும் மங்கிக்கிட்டே வருதுன்னான், தங்கச்சி. கிளினிக் போடான்னேன். தெரிஞ்சா ஃபோர்க்லிப்ட் ஓட்டுற வேலையிலேர்ந்து எடுத்துருவாங்கன்னு பயம். வீட்ல சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்."

"அண்ணன் மோட்டார்சைக்கிள் ஓட்டிக்கிட்டுதானே இருந்துச்சு?"

"பகல்ல தெரியுதுன்னான்லா. இருட்டுனா மெதுவாப் போவான்."

நீ இறந்த அன்று, வேலை முடிந்து ஃபெரிப் படகை விட்டு இறங்கியபோதே இருட்டிவிட்டது. ஓரமாக நிறுத்தியிருந்த லாரி உனக்குத் தெரிந்ததா? மோதும்வரை தெரியவே இல்லையா?

வகுப்பில் வாய் திறக்காமலே இருந்து, மூன்றாம் படிவத்தோடு பள்ளிப்படிப்பை நிறுத்திவிட்டவள் நான். எல்லாரும் திட்டியபோது நீ மட்டும் அந்த நோட்டைக் கொடுத்தாய். "படிக்காட்டி என்ன, உன் கை தப்பு பண்ணாது," என்றாய். நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அது என்று நம்பியிருந்தேன். அதிலேயே என்னைப் பொய் எழுத வைத்துவிட்டாய். கை எட்டும் தூரத்தில்தானே உட்கார்ந்திருந்தேன்? "தெரியலை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் யாரிடம் போய்ச் சொல்லியிருக்கப் போகிறேன்?

அம்மாவிடம் சொல்லியிருப்பேன். அதற்குத்தான் பயந்தாயா?

அம்மா இன்னமும் பொழுது சாய்ந்தால் ஆரம்பித்துவிடுகிறார். "நான்தானே சாமிக்குப் பூ வாங்கிட்டு சீக்கிரம் வாடான்னேன். அவசரப்படுத்தி நானே புள்ளையைக் கொன்னுட்டேன்." பாலா அண்ணன் வரும்போதெல்லாம் இதைக் கேட்டுக்கொண்டே காப்பி குடித்துவிட்டுப் போகிறார். நீ வாங்கிய சத்தியத்தை அவர் காப்பாற்றுகிறாராம். அம்மாவை யார் காப்பாற்றுவது?

என்னிடம் நீ சத்தியம் எதுவும் வாங்கவில்லை. ஒன்றை நானே செய்கிறேன்: இனி நான் பார்க்காததை, யாருக்காகவும், உனக்காகவும், எழுத மாட்டேன்.

நேற்று விளக்கேற்றிவிட்டு அம்மா அதே பேச்சை எடுத்தார். நான் நோட்டைத் திறந்து அவர் மடியில் வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, நான் கொஞ்சம் பேசணும்," என்றேன்.

நீ ஏமாற்றிய,
உன் ஒரே தங்கச்சி