ஜெனி வரைந்த காய்கறிப் பட்டியல்

கைப்பையைத் திறந்தாலே கிரேயான் வாடை அடிக்கிறது. உன் மகள் ஜெனி வரைந்த பட்டியல் அதற்குள்தான் கிடக்கிறது. நாள்காட்டித் தாளின் பின்பக்கம், நான்காய் மடித்து. தேக்கா சந்தையிலிருந்து திரும்பி ஒரு மணி நேரமாகிவிட்டது, காய்கறி இன்னும் பையை விட்டு இறங்கவில்லை. அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். உன்னிடம் சொல்லாமல் என்னால் உட்கார முடியாது போலிருக்கிறது. நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. ஆனாலும் எதிர்வீட்டுக் கதவுச் சத்தம் கேட்டால் நீதான் என்று தலை திரும்புகிறது.

இந்த செம்பவாங் அடுக்குமாடி புளோக்கில் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் என் கவினும் உன் ஜெனியும் உன் வீட்டுத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு லிஸ்ட் போடுவார்கள். எழுத்து வராத வயது, அதனால் படம். குளிர்பெட்டியைத் திறந்து என்ன தீர்ந்துபோயிருக்கிறது என்று அவர்களே பார்க்க வேண்டும், அதை வரைய வேண்டும், மறுநாள் நீ தேவாலயத்திலிருந்து வந்ததும் நாலு பேரும் தேக்காவுக்குப் போய், அவரவர் படத்தை அவரவர் படித்து வாங்க வேண்டும். அது நீ போட்ட சட்டம்.

எனக்கு அந்தப் பொறுமை ஏது? கவின் ஒரு கத்தரிக்காயை வரைந்து முடிப்பதற்குள் நான் இன்னொரு தாளில் மொத்தத்தையும் எழுதி முடித்திருப்பேன். சந்தையில் என் தாளைப் பார்த்துத்தான் வாங்குவேன். "அப்ப என் லிஸ்ட் எதுக்கும்மா?" என்று ஒரு நாள் கேட்டான். வேறு பேச்சை எடுத்து மழுப்பிவிட்டேன். நீ அங்கேதான் நின்றாய். திட்டியிருந்தாலாவது பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

நீ வெங்காயமில்லாமல் கோழிக்குழம்பு வைத்த ஞாயிறு ஞாபகம் இருக்கிறதா? ஜெனி வட்டம் வட்டமாக ஆறு போட்டிருந்தாள். கடைக்கு முன்னால் போய் நின்றதும் அது என்னவென்று அவளுக்கே மறந்துவிட்டது. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, ஆரஞ்சுப்பழம் என்றாள். நீயும் ஆரஞ்சே வாங்கினாய். நான் உன் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். "அட விடு லா. அவ வரைஞ்சதை அவதான் படிக்கணும். ஒரு நாள் குழம்பு கெட்டா குடியா முழுகிடும்?" என்றாய். உன் வீட்டுக்காரர் அந்தக் குழம்பை ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டார், பாவம். அடுத்த வாரம் ஜெனி வட்டங்களுக்கு அடியில் வேர் வைத்து வரைந்தாள். "ஆனியனுக்கு முடி இருக்கு ஆன்ட்டி" என்று எனக்கு விளக்கம் வேறு. அன்றைக்கு எனக்கு உன்மேல் பொறாமையாக இருந்தது. இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில், பேசினால் மூச்சு வாங்கும் நிலையில் நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "சண்டே அவளைத் தேக்காவுக்குக் கூட்டிட்டுப் போ. லிஸ்ட்டை அவகிட்டயே விட்டுடு." தலையாட்டினேன். ஆட்டிவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? அடுத்த வருஷம் அவளுக்குத் தொடக்கநிலை ஒன்றாம் வகுப்பு ஆயிற்றே, அம்மா இல்லாத பிள்ளை பின்தங்கிவிடுமே என்ற பயத்தில் ஒர்க்‌ஷீட்டாக வாங்கிக் குவித்தேன். ஜெனி எல்லாவற்றையும் செய்தாள். எல்லாம் சரியான விடை. ஆனால் கிரேயானைத் தொடவில்லை, கேட்டால் ஒழிய வாய் திறக்கவில்லை. பாலர் பள்ளி ஆசிரியர் நன்றாகச் செய்கிறாள் என்கிறார். எனக்குத்தான் சந்தேகம். நீ ஒப்படைத்துப் போன பிள்ளையை வாயடைத்துப் போக வைத்துவிட்டேனோ என்று.

நேற்று சாயங்காலம் அவளாகவே நாள்காட்டித் தாளைக் கேட்டாள். உடனே கிழித்துக் கொடுத்தேன்.

இன்று காலை கவின் அவன் அப்பாவோடு நீச்சலுக்குப் போய்விட்டான். உன் வீட்டுக்காரர் இரவு ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார். நானும் ஜெனியும் மட்டும் போனோம். தேக்காவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அவள் தாளைப் பிரித்துக்கொண்டு நடுவழியில் நின்றுவிட்டாள், பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். "கொடும்மா, ஆன்ட்டி பார்க்கிறேன்" என்று கையிலிருந்து வாங்கிவிட்டேன். ஆமாம், வாங்கிவிட்டேன். தக்காளி, கேரட், வேர் வைத்த வெங்காயம். கடைசியில் நீளமாகத் தொங்கிய ஏதோ ஒன்று, பக்கத்தில் குட்டிக் குட்டிப் புள்ளிகள். பயத்தங்காய் என்று நானே முடிவு செய்து ஒரு கட்டு எடுத்துப் பையில் போட்டேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

வீடு திரும்பும் வழியில், தோபி காட் நிலையத்தில் ரயில் மாறும்போது சொன்னாள். "ஆன்ட்டி, அது பயத்தங்காய் இல்ல. பூ. அம்மா போட்டோவுக்கு."

பையைத் திறந்து அந்தக் கட்டைப் பார்த்தேன்.

"இட்ஸ் ஓகே லா ஆன்ட்டி. நெக்ஸ்ட் வீக் வாங்கலாம்" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள். ஐந்து வயதுப் பிள்ளை எனக்கு ஆறுதல் சொல்கிறது. அவமானமாக இருந்தது. தாளை அவள் கையில் திருப்பிக் கொடுத்து, வந்த வழியே திரும்பினோம்.

பஃபலோ ரோட்டுப் பூக்கடை அண்ணன், "யாருக்குப் பாப்பா?" என்றார். படத்தைக் காட்டினாள். "எங்க அம்மா போட்டோவுக்கு." அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, "ரெண்டு முழம் சரியா இருக்கும்" என்று மல்லிகைச் சரத்தை முழங்கையில் வைத்து அளக்கப் போனார். ஜெனி தலையை ஆட்டினாள். "வேணாம் அங்கிள். நான் வீட்ல அளந்துட்டேன். இந்தப் பக்கம் மூணு சாண், மேல ரெண்டு, அந்தப் பக்கம் மூணு. எட்டு."

சாண் என்ற சொல் உன்னிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். நான் அவளுக்கு ஸ்கேல்தான் வாங்கித் தந்தேன். வாய் திறக்காத இத்தனை நாளில் எப்போது நாற்காலி போட்டு ஏறினாள், எப்போது உன் படத்தைத் தன் கையால் அளந்தாள்? எனக்குத் தெரியாது. பக்கத்தில்தான் இருந்தேன், பார்க்கவில்லை.

அண்ணன் சிரித்துக்கொண்டே சரத்தைப் பலகையில் நீட்டி வைத்தார். அவள் விரலை விரித்து வைத்து வைத்து அளந்தாள். எங்களுக்குப் பின்னால் கோயிலுக்குப் போகிறவர்கள் வரிசையாக நின்றார்கள், ஒருவர் தொண்டையைச் செருமினார். ஐந்து, ஆறு. அங்கே நிறுத்தி, எத்தனை என்று மறந்துபோய் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அடுத்தது ஏழு என்று என் வாய்வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் கையை எடுத்தாள், சரத்தின் முனைக்குப் போனாள், ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

பூ இப்போது உன் படத்தில் சரியாக நிற்கிறது. நான் அந்த 'ஏழு' என்ற சொல்லை இன்னும் வாய்க்குள் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருக்கிறேன்.