ஒரே கூட்டுக்கு இரண்டு கேஸ்கெட்

மச்சான்,

காலையிலிருந்து கையில் இந்த நாற்றம் போகவே மாட்டேன் என்கிறது. சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிவிட்டேன். எஞ்சினுக்குள் எண்ணெய் வருஷக்கணக்கில் தேங்கித் தாராகிப்போன நாற்றம். உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உன் சட்டையெல்லாம் இதே நாற்றம்தான் அடிக்கும். நான் கேலி செய்தால், "இது அத்தர்லா, உனக்கெங்கே புரியப்போகுது" என்பாய்.

ஒரு பழைய கார் வந்தது. எண்ணெய் ஃபில்டர் உட்கார்ந்திருக்கும் இரும்புக் கூடு கீறல் விட்டு ஒழுகுகிறது. கூட்டை மாற்றாமல் வழியில்லை. சீமையிலிருந்து கப்பலில் வர மாசக்கணக்கு ஆகும். அதே அச்சுக் கூடு இந்தப் பினாங்கில் வேறு எங்கே இருக்கிறது என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பட்டறைக்குப் பின்னால் ஜம்பு மரத்தடியில், துருப்பிடித்த தகரத்துக்குக் கீழே, ஆறு வருஷமாகக் கிடக்கிறதே உன் சீன முதலாளி தவுக்கே காரின் பழைய எஞ்சின், அதில் இருக்கிறது. தெரிந்தும் போகக் கால் வரவில்லை. மத்தியானம் வரைக்கும் வேறு வேலை இருப்பதுபோல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய், முழங்கால் வலிக்க மண்டியிட்டேன். துணியால் துடைத்தேன். நாலு போல்ட்டிலும் உன் சிவப்புக் கோடு தெரிந்தது.

உன் வழக்கம் அது. நீ பூட்டும் போல்ட்டு எதுவானாலும், அதன் தலையிலிருந்து கூடு வரைக்கும் சாயத்தால் ஒரு கோடு இழுத்துவிடுவாய். ரிக்‌ஷாவுக்கு நம்பர் எழுதும் சீனனிடம் கெஞ்சி வாங்கிய சாயம். "யாராச்சும் கைவச்சா கோடு ஒடைஞ்சிரும் மச்சான். அப்புறம் நம்ம தலையில பழி போட முடியாது" என்பாய். பொட்டு வைக்கிற வேலையை விட்டுவிட்டு வண்டியை எடு என்று நான் கத்துவேன்.

இன்றைக்கு அந்த நாலு கோடுகளும் உடைந்திருந்தன. போல்ட்டில் இருக்கும் பாதி ஒரு பக்கம், கூட்டில் இருக்கும் பாதி இன்னொரு பக்கம். நான் அந்த எஞ்சினைத் தொட்டதே இல்லை. செத்த எஞ்சினைப் பட்டறையில் வேறு எவன் தொடப்போகிறான்? யாரோ நாலையும் கழற்றித் திரும்பப் பூட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பெரிய வெள்ளியை நீ மறந்திருக்க மாட்டாய். மறுநாள் சீனர்கள் முன்னோர் கல்லறைக்குப் போகும் செங் பெங். உன் தவுக்கே தன் வயசான தாயாரைக் கூட்டிக்கொண்டு மலை தாண்டி பாலிக் புலாவுக்குப் போய், தகப்பனார் கல்லறையைச் சுத்தம் செய்து படைக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை வரும் காரியம். காரில் ஃபில்டர் கூட்டின் ஓரம் எண்ணெய் கசிகிறது என்று காலையிலேயே நீ பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு வந்தாய். நீ அவருக்கு டிரைவர், நான் பட்டறை ஆள். ஆனால் உன் கார் வந்தால் இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்வோம். உன் ஜும்மாவுக்கு நீ போனால் மீதியை நான் பார்ப்பேன், என் பூசைக்கு நான் போனால் நீ பார்ப்பாய். எத்தனையோ வருஷம் அப்படித்தான் ஓடிற்று. அன்றைக்குத்தான் ஒரே வேலைக்கு நடுவே உன் ஜும்மாவும் என் சிலுவைப்பாதையும் வந்து வாய்த்தன.

கூட்டைக் கழற்றி, அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே எண்ணெய் கசியாமல் வைக்கும் புதுக் கேஸ்கெட்டையும் வெட்டி வைத்துவிட்டு நீ தொப்பியை எடுத்தாய். "பழசு எஞ்சின் பக்கம் ஒட்டிக்கிட்டு நிக்குது மச்சான். நல்லா சுரண்டி எடுத்துட்டுப் புதுசை ஒட்டி வை. நீ சிலுவைப்பாதைக்குப் போ, நான் வந்து பூட்டிக்கிறேன்."

"போடா, எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்றேன்.

நீ போனாய். நான் சுரண்டியைக் கையில் எடுத்தேன். அங்கேதான் என் அம்மா நினைவில் வந்து நின்றாள். பெரிய வெள்ளியன்று இரும்பால் இரும்பை அடிக்கவும் கூடாது, சுரண்டவும் கூடாது, ஆண்டவர் மேனியில் ஆணி அறைந்த நாள் என்று சின்ன வயசில் என் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கி வைப்பாள். அவள் போய்ச் சேர்ந்து வெகுகாலம். இதையெல்லாம் நம்புகிறவனில்லை என்று உன்னிடம் எத்தனை தடவை வீறாப்பாகப் பேசியிருக்கிறேன்! ஆனால் ஒருசந்தி நோன்பு இருந்த வெறும் வயிறு, கை ஓடவில்லை. சுரண்டியைக் கீழே வைத்துவிட்டு மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்தேன். கறுப்பாகப் பிசுபிசுவென்று கொஞ்சம் வந்தது. பழசு வந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். அதன் மேலேயே புதுசைக் கிரீஸ் தடவி ஒட்டிவிட்டுக் கோயிலுக்கு நடந்தேன்.

நீ வந்து என்னை நம்பிப் பூட்டினாய். நாலு கோடு இழுத்தாய்.

மறுநாள் பாலிக் புலாவ் ஏற்றத்தில் எஞ்சின் சூடேறியதும், மேலிருந்த கேஸ்கெட் நழுவி எண்ணெய் முழுக்கக் கொட்டிவிட்டது. எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளை நீ பார்த்து நிறுத்துவதற்குள் எஞ்சின் இறுகிவிட்டது. அந்தக் கிழவி படையல் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரப் பாறையில் வெயிலில் உட்கார்ந்து அழுதாளாம். கல்லறைக்குப் போய்ச் சேரவே இல்லை. காரை லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள். தவுக்கே பட்டறையில் நின்று மலாயில் கத்திய கத்தல் ரோட்டுக்குக் கேட்டது. நீ சரியாகப் பூட்டவில்லை, முள்ளையும் பார்க்கவில்லை, அவ்வளவுதான் அவர் தீர்ப்பு. கோடு அசையவில்லை பாருங்கள் என்று நீ கையைக் காட்டினாய். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அப்போது நீ என் பக்கம் திரும்பினாய். "சுரண்டினேதானே மச்சான்?"

"சுரண்டினேன்லா! என்னையா சந்தேகப்படுறே?"

"இல்லே. சும்மா கேட்டேன்."

பொய் சொல்கிறவனுக்குத்தான் கோபம் முதலில் வருகிறது. நான் அதோடு விட்டேனா? தவுக்கே முன்னாலேயே, "முள்ளு விழுறதைப் பாக்காம எங்கடா பராக்குப் பார்த்துக்கிட்டிருந்தே?" என்று உன்னைக் கேட்டேன். நீ கார்ச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாய்.

செங் பெங் அன்றைக்கு எஞ்சினை எரித்தவன் என்று பேர் விழுந்த பிறகு எந்தத் தவுக்கே உனக்கு ஸ்டீயரிங்கைக் கொடுப்பான்? துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனாய். தவுக்கே புது எஞ்சின் வாங்கிப் போட்டுக்கொண்டார். பழசு ஜம்பு மரத்தடிக்கு வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து அதன் மேல்தான் உட்காருவாய். ஒரு நாள் நான் சாமான் வாங்கப் போயிருந்த நேரம் நீ வந்து ஸ்பேனர் கேட்டு வாங்கினதாகப் பட்டறையில் சொன்னார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கு அதைக் கேட்கத் தைரியமும் இல்லை.

அதற்குப் பிறகு வந்த பெருநாளில் அடுக்குச் சட்டியில் நெய்ச்சோறு கொண்டுவந்து வைத்தாய். "மச்சான், அந்தக் கார் சமாச்சாரத்தை விட்டுரு. மனசுல வச்சுக்காதே" என்றாய். நீ மன்னிப்புக் கேட்கிறாய் என்று நினைத்தேன். சோற்றை வாயில் வைத்துக்கொண்டே, "நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்டா" என்றேன். நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு சிரித்தாய். "பெரிய மனுசன்லா நீ" என்றாய்.

போன மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி உன்னைக் கொண்டுபோயிற்று. உன் மையத்தைத் தூக்குகையில் உன் வீட்டுக்காரி என்னைப் பார்த்து, "அவுக கவனக்குறைவால உங்க பட்டறைக்கும் கெட்ட பேரு வந்துச்சே அண்ணே" என்று அழுதாள். நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேன் மச்சான்.

இன்றைக்குக் கூட்டைக் கழற்றினேன். உள்ளே இரண்டு கேஸ்கெட், ஒன்றின் மேல் ஒன்று. அடியில் கல்லாகிக் கறுத்த பழசு, மேலே ஒரு பக்கமாக நழுவிய புதுசு. நீ கழற்றிப் பார்த்தவன், இரண்டையும் இருந்தபடியே வைத்து மூடியிருக்கிறாய். வெளியே எடுத்துத் தவுக்கே மேசையில் போட்டிருந்தால் உன் பேர் திரும்பியிருக்கும். என் பேர் போயிருக்கும். அதைத்தான் நீ செய்யவில்லை.

ஆனாலும் வேலை வேலைதானே. இரண்டையும் கத்தியால் பெயர்த்துத் தாளில் சுற்றினேன். வந்த காரில் எஞ்சின் முகத்தை இரும்பு பளிச்சென்று தெரிகிற வரைக்கும் சுரண்டினேன். கையால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி சுரண்டினேன். புதுக் கேஸ்கெட் வைத்துக் கூட்டைப் பூட்டினேன். எண்ணெய் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

சாயங்காலம் தாளை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி, உன் வீட்டுக்காரி, கடைக்கு இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒருசந்தி, வெறும் வயிறு, அம்மாவின் பேச்சு என்று என் சமாதானங்களையும் சேர்த்தே சொன்னேன். அவள் மாவுக் கையோடு இரண்டு கேஸ்கெட்டையும் வாங்கிப் பார்த்தாள்.

"அவுக என்கிட்டயும் சொல்லலையே" என்றாள். இரண்டையும் தாளில் மறுபடி சுற்றிக்கொண்டே, "ஒரு முள்ளைப் பாக்கத் தெரியாத மனுசன்னு சோறு போடுறப்பல்லாம் சொல்லிக் காட்டியிருக்கேன் அண்ணே. சிரிச்சுக்கிட்டே சாப்பிடுவாக" என்றாள்.

திரும்பிப் படியிறங்கும்போது அவளே மறுபடி கூப்பிட்டாள்.

"அந்த வெள்ளிக்கிழமை அவுகளும் சாப்பிடலை அண்ணே. ஜும்மா முடிஞ்சு வீட்டுக்கு வந்தாக, சோத்தைப் போட்டேன், தொடலை. 'அவன் பட்டினியா வேலை பாக்குறான், நான் தின்னுட்டுப் போயி அவன் முன்னால எப்படி நிக்கிறது'ன்னு அப்படியே ஓடிட்டாக."

நான் வெறும் வயிறு என்று சொல்லிச் சுரண்டியைக் கீழே வைத்தேன். நீ எனக்காக வெறும் வயிற்றோடு வந்து நாலு போல்ட்டையும் ஒழுங்காகப் பூட்டியிருக்கிறாய். இதை இனிமேல் நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

கேஸ்கெட் இரண்டையும் தங்கச்சி தரமாட்டேன் என்றுவிட்டாள். நாளைக்குக் காலையில் அவளையும் கூட்டிக்கொண்டு தவுக்கே வீட்டுக்குப் போகிறேன். அந்தக் கிழவி இன்னும் இருக்கிறாளாம். அவள் காது கேட்க, அன்றைக்கு நான் சுரண்டவில்லை என்று சொல்ல வேண்டும்.