பதனிட்ட தோலில் ஒரு போகி மேளம்

நைனா,

சீயக்காய் போட்டுத் தேய்த்தாயிற்று. புளி போட்டுத் தேய்த்தாயிற்று. அடுப்புச் சாம்பலும் ஆயிற்று. இன்னும் கையை முகத்தருகே கொண்டுபோனால் அதே பச்சைத்தோல் நாற்றம். நாளைக்குப் பொங்கல் பானையில் இந்தக் கையைத்தான் வைக்கவேண்டும். விடியற்காலை போகி மேளம் அடித்து ஓய்ந்து, தெருவெல்லாம் சாம்பலாகக் கிடக்கிறது. அம்மா வீடு மெழுகுகிறாள். நானோ உட்கார்ந்து, எழுத்துத் தெரியாத உனக்கு, அதுவும் இல்லாமல் போன உனக்கு, எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் உன்மேல் உள்ள எரிச்சல்தான்.

'நீ' என்றே எழுதுகிறேன். சென்னையில் கல்லூரி விடுதியிலிருந்து போட்ட முதல் கடிதத்தில் மரியாதையாக 'நீங்கள்' என்று எழுதியிருந்தேன். காதர் மாமா படித்துக் காட்டும்போது பாதியில் நிறுத்தச் சொல்லி, "இது எனக்கில்லபா. மொதலாளிக்கு எழுதினது மாறி வந்துட்டுது. குடுத்துட்டு வா" என்றாயாம். அவர் அதை ஆம்பூர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

காதர் மாமா, தோல் பதனிடும் ஷாப்பில் உனக்கு மேஸ்திரி. ஷாப்புக்கு வெளியே உன் தோஸ்த். நீ சுண்ணாம்புக் குழியில் நின்றாய். மயிர் கழல்வதற்காக ஊறிக்கிடக்கும் ஆட்டுத்தோல்களை இழுத்துப் புரட்டி மறுபடி அமுக்குகிற வேலை. பச்சைத்தோல் என்றால் என்ன என்று நம் தெருவில் உன்னைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. அதனால்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

மார்கழியின் கடைசி விடியலில் நம் தெருப் பிள்ளைகளும் மேட்டுத்தெருப் பிள்ளைகளும் மேளம் அடித்துக்கொண்டு கிணற்றடிக்கு வருவார்கள். எந்தப் பக்கத்து ஓசை அமுங்கிப்போகிறதோ அந்தப் பக்கம் வழிவிட்டு ஒதுங்கவேண்டும். எனக்கு நினைவு தெரிந்து நம் தெரு ஒதுங்காத வருஷம் இல்லை. காரணம் நீ.

குயவர் சுட்டுக் கொடுத்த மண்வளையத்தில் பச்சைத்தோலை ஈரத்தோடு இழுத்துப் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டிக் காயவிட்டால் அது தானாக இறுகும். தீயில் கொஞ்சம் காட்டினால் கணீரென்று கேட்கும். மேட்டுத்தெருக்காரர்கள் அப்படித்தான் செய்தார்கள். நீயோ ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிப் பதமாகி வந்த தோலின் வெட்டுத் துண்டுகளைக் கேட்டு வாங்கி வருவாய். செருப்புக்கு ஆகிற தோல் அது. மேளத்துக்கு ஆகாது. அடித்தால் தொப்பென்று விழும். ஆனாலும் தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் நீதான் கட்டிக் கொடுப்பாய். அத்தனை ஆசையாகக் கட்டுகிறவனிடம் வேண்டாம் என்று சொல்ல எந்த வீட்டிலும் வாய் வரவில்லை.

காதர் மாமா மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா இது, தலகாணி அடிக்கிற மாறி கீது" என்பார். நெருப்பில் காட்டினால் ஏறிக்கொள்ளும் என்று நீ சாதிப்பாய். காட்டினால் ஓரம் சுருளும், ஓசை ஏறாது. கிணற்றடியில் மேட்டுத்தெருப் பையன்கள் காத்திருந்து கேட்பார்கள்: "இன்னாடா, தோல் ஷாப்புத் தெருவுக்குத் தோல் கெடைக்கலியா?"

இந்த ஊர்வலத்துக்கு முன்னால் நீ நிறுத்துவது என்னை. நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிற என்னை. அப்படிப்பட்டவளுக்கு ஓசையில்லாத மேளம் வசதிதானே என்று யாராவது நினைக்கலாம். இல்லை. ஓசை வராததால்தான் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீ பின்னாலிருந்து, "அடிம்மா, நல்லா அடி" என்பாய்.

கடைசிப் போகியை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. அது என் பி.ஏ. கடைசி வருஷம். இங்கிலீஷ் வருஷப் பிறப்பன்று விடுதியில் எங்களை உட்காரவைத்து, பழைய வருஷத்தோடு எதை விட்டுவிடப் போகிறீர்கள் என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டார்கள். நான் கூச்சம் என்றேன். சொன்னது பக்கத்தில் இருந்தவளுக்கே கேட்கவில்லை. வீட்டிலாவது வாய் திறக்கவேண்டும் என்று முடிவு செய்துகொண்டு பொங்கல் விடுமுறைக்கு வந்தேன். உனக்குத் தெரியாமல் காதர் மாமாவிடம் பச்சைத்தோல் கேட்டேன். போகிக்கு முந்தின நாள், நீ வேலை முடித்துப் பாலாற்றில் குளித்துவிட்டு வருவதற்குள், அவர் ஒரு துண்டைச் சாக்கில் சுற்றி முற்றத்தில் கொண்டுவந்து வைத்தார்.

நீ வந்து பார்த்தாய். "எடுத்துக்குனு போப்பா" என்று அவரிடம் சொன்னாய். அவரிடம் அந்தக் குரலில் நீ பேசி நான் கேட்டதில்லை. அவர் எடுத்துக்கொண்டு போனார்.

நான் விடவில்லை. பச்சைத்தோலில்தான் ஓசை வரும், நாள் முழுக்க அதிலேயே நிற்கிற உனக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்டேன். என் வாழ்க்கையில் உன்னை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல்.

"தெரியும்" என்றாய். தோளில் கிடந்த ஈரத்துண்டை உதறிக் கொடியில் போட்டாய். "தெரியாமயா கட்டறேன்? அந்த நாத்தம் என்னோட இருக்கட்டும்மா. ஆத்துலயே கழுவி வுட்டுட்டுதான் வர்றேன். ஒரு நாளும் வூட்டுக்குள்ள இட்டாந்ததில்ல. தை பொறக்கிறப்போ உன் கழுத்துலயா மாட்டுவேன்?"

நைனா, தெரியாமல் செய்திருந்தால் கற்றுக்கொடுத்திருப்பேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை. ஏனென்றால் அந்த நாற்றம் தினமும் உனக்கு முன்னால் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. தெருமுனையில் நீ திரும்பும்போதே எங்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் அம்மா அந்த நேரம் பார்த்துச் சாம்பிராணி போட்டாள். நீ அதைப் பக்தி என்று நினைத்தாய். "எங்கூட்டுப் பொம்பளைக்கு பக்தி ஜாஸ்தி" என்று காதர் மாமாவிடம் பெருமையடித்தாய். உபகாரச் சம்பளம் கிடைத்து விடுதிக்குப் போன முதல் நாள் என் பெட்டியைத் திறந்தபோது துணிகளோடு அதுவும் வெளியே வந்தது. பக்கத்துக் கட்டில்காரி என்னவென்று கேட்டாள். எங்கள் ஊர்ப்பக்கத்து மூலிகை என்று சொன்னேன். எல்லாருக்கும் தெரிந்தது உனக்கு மட்டும் தெரியவில்லை. சொல்லியிருக்கலாம். ஆற்றில் அவ்வளவு நேரம் தேய்த்துக் குளித்துவிட்டு வருகிறவனிடம் எப்படிச் சொல்வது? மறுநாள் விடியலில் அதே மெத்தைத் தோல் மேளத்தை மாட்டிக்கொண்டு போனேன். நாம் ஒதுங்கினோம்.

அப்புறம் பரீட்சை முடிவு வரும்வரை இருக்கக்கூட உனக்குப் பொறுமையில்லை. காய்ச்சல் என்று படுத்தாய், போய்விட்டாய்.

போன வருஷம் துக்கம், நம் வீட்டில் போகி இல்லை. இப்போது நான் பள்ளிகொண்டாவில் பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறேன். விடுமுறைக்கு வந்ததும் தெருப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். பெரியவர்களுக்கு இருந்த தயவு அவர்களுக்கு இல்லை. "யக்கா, உங்க நைனா கட்டின மாறி வேணாங்க்கா. அது கேக்கவே கேக்காது" என்றார்கள்.

காதர் மாமாவிடம் கேட்டேன். அவர் பச்சைத்தோல் கொண்டுவந்து கொடுத்தார். நானே நனைத்து, இழுத்து, பசை தடவி ஒட்டினேன். கூடத்தில் உட்கார்ந்துதான் ஒட்டினேன். இன்று விடியலில் மூட்டிய நெருப்பில் காட்டித் தட்டியபோது நாய்கள் எழுந்து ஓடின. பிள்ளைகள் தாங்களாகவே என்னை முன்னால் தள்ளினார்கள். ஒரு மேளத்தை மாட்டிக்கொண்டு நடந்தேன். எல்லாரும் பார்த்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு அடித்தேன், ஆனால் நிறுத்தவில்லை. கிணற்றடியில் மேட்டுத்தெரு கொஞ்ச நேரம் ஈடுகொடுத்துப் பார்த்துவிட்டு வழிவிட்டது. இத்தனை வருஷமும் ஒரு முழம் தோலில் முடிந்திருக்கும் காரியம். உன்னிடம் அதைச் சொல்லத் திரும்பினேன். பின்னால் பிள்ளைகள்தான் இருந்தார்கள்.

போகியன்று பழையது போய்விடும் என்கிறார்கள். கிழிந்த பாயும் தேய்ந்த துடைப்பமும்தான் போகின்றன.

வீட்டுக்குள் வந்தேன். அம்மா அடுப்பின் பக்கம் குனிந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, திரும்பவும் இல்லை. கரண்டியில் தணல் அள்ளி, மாடத்துச் சாம்பிராணிக்குக் கை நீட்டினாள். பாதியில் கை நின்றது. மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க நைனா வந்துட்டாருன்னு நெனச்சிட்டேன்" என்றாள்.

"சாம்பிராணி போடாதம்மா" என்றேன்.

அவள் தணலை அடுப்பிலேயே கொட்டிவிட்டாள்.