ஒற்றை எண்களை விழுங்கிய டிஸ்பிளே

என் ஆசை அண்ணைக்கு,

உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று தெரிந்தால், எனக்கு விசர் முற்றிவிட்டது என்பார் சித்தப்பா. சொல்லட்டும். நீங்கள் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு அச்சுவேலிக் கடையைப் பூட்டித் திறப்பைத் தரும்படி கேட்டவர் அவர். நான் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பது நாய் மட்டும்தான்.

"கரண்டும் இல்லை, பற்றறியும் இல்லை. ரேடியோ திருத்தின பெடியனும் போயிட்டான். பேந்தென்ன கடை? பொம்பிளைப் பிள்ளை அதுக்குள்ளை இருந்து என்ன செய்யப் போறாய்?" என்றார்.

"அண்ணை செய்ததைத்தான்" என்றேன். பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரே மேசையில் இரண்டு பக்கமும் இருந்து நாங்கள் ரேடியோ கழற்றியது அவருக்குத் தெரியாதா? தெரியும். உங்களுக்குத் திருத்தத் தெரியும் என்பதையும், நான் பக்கத்தில் இருந்தேன் என்பதையும்தான் அவர் பார்த்தார். பாதி ரேடியோக்களைத் திருத்தியது நான் என்று நீங்களாவது ஒரு முறை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சரி, அந்தச் சண்டையை இப்போது எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சிறுநீரகம் பழுதாகி நீங்கள் அங்கே கிடந்தபோது, இரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்க்கும் மெஷின் லாப்பில் இருந்தது. மெஷினுக்கு ஒரு குறையும் இல்லை. ஷெல் விழுந்த அதிர்ச்சியில், எண்ணைக் காட்டும் அந்தச் சின்ன டிஸ்பிளேயின் கண்ணாடி மட்டும் வெடித்துப் போயிருந்தது. உள்ளே கணக்கெல்லாம் சரியாக நடக்கும். விடையைச் சொல்ல வாய் இல்லை.

பொட்டாசியம் கூடினால் இதயம் நின்றுவிடும் என்று டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். கூடியிருக்கிறதா என்று பார்க்க வழியில்லை என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. நீங்கள் கட்டிலில் கிடந்தபடியே என்னைக் கிட்டக் கூப்பிட்டீர்கள்.

"மேசைக்குக் கீழை, எரிஞ்ச ரைப்ரைட்டரிலை கழட்டின டிஸ்பிளே ஒண்டு கிடக்கு. அதைக் கொண்டுவந்து போட்டுப் பார். அதுக்கும் பதினாலு கால், இதுக்கும் பதினாலு கால். ரண்டும் ஒரே சாதி."

குண்டு விழுந்த ஒரு கந்தோரின் சாம்பலுக்குள் இருந்து அந்த எலக்ட்ரோனிக் ரைப்ரைட்டரை நீங்கள் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்த நாளில், ஊரே உங்களைப் பார்த்துச் சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அதன் டிஸ்பிளேயைத் தேடி எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது, நீங்கள் போய்விட்டீர்கள் என்று ஆள் வந்து சொன்னது. உங்கள் இரத்தத்தின் எண்ணும் அந்த மெஷினுக்குள் வந்து, வெளியே வர வழியில்லாமல்தான் நின்றதா, அண்ணை?

அழுது முடிந்தபின் எனக்கு மிஞ்சியது கோபம் மட்டும்தான். அந்த டிஸ்பிளேயை அந்த மெஷினில் போட்டே தீருவேன் என்று முடிவெடுத்தேன். லாப்பில் வேலை செய்யும் கமலா மிஸ்ஸைப் போய்ப் பார்த்தேன். "போட்டுப் பாரும், இதிலை இனிக் கெட என்ன கிடக்கு" என்று அவர் விட்டுவிட்டார்.

ஈயம் பற்றவைக்கும் கோலுக்கு மின்சாரம் இல்லை. சிரட்டைக்கரி நெருப்பில் செப்புக் கோலைக் காய்ச்சினேன். செத்த ரேடியோக்களில் இருந்து ஈயத்தைத் துளித் துளியாக உருக்கி எடுத்தேன். ஈயம் ஒட்டுவதற்குப் போடும் பசைதான் இல்லை. சாம்பிராணியைத் தூளாக்கிப் போட்டேன். கடை முழுக்கக் கோயில் வாசம். தெருவால் போன ஒருவர் எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, திவசமோ?" என்றார். "இல்லை ஐயா, பிறந்தநாள்" என்றேன்.

காலையில் ஆஸ்பத்திரியில் ஜெனரேற்றர் ஓடும் நேரத்தில்தான் பரீட்சை பார்க்கலாம். தனியாகப் போகக்கூடாது என்று சித்தப்பாவும் கூடவே வந்தார். முதல் நாள் போட்டதும் ஒன்றுமே தெரியவில்லை. வெறும் சாம்பல் கண்ணாடி.

"எரிஞ்சது எரிஞ்சதுதான்" என்றார் சித்தப்பா, ஏதோ ஆறுதல் சொல்வதுபோல.

டிஸ்பிளேயின் மூன்றாவது காலுக்கு வேலை, எழுத்து எவ்வளவு கறுப்பாகத் தெரியவேண்டும் என்று சொல்வது. பழைய டிஸ்பிளேக்கு வைத்திருந்த அளவு இதற்குப் பொருந்தவில்லை. பக்கத்தில் இருந்த சின்னத் திருகை மெல்லத் திருப்ப, ஒரு வரிசை கறுப்புக் கட்டங்கள் எழும்பின. கமலா மிஸ்ஸுக்கு அது பழுதாகத் தெரிந்தது. எனக்குத் தெரியும், உயிர் இருக்கிறது, சொல்லுவதற்குச் சொல் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் இரண்டை மாற்றிப் பூட்டியிருந்தேன். கழற்றிக் கொண்டுவந்து சரிசெய்து, அடுத்த நாள் போட்டேன். எழுத்து வந்தது.

READY என்று வரவேண்டிய இடத்தில் RD@DX என்று வந்தது. யாருக்கு அது பெரிதாகப் பட்டது? தாதிமார் எல்லோரும் லாப்புக்குள் வந்துவிட்டார்கள். ஒருத்தி பிளேன்ரீயும் பனங்கட்டியும் கொண்டுவந்து தந்தாள். கமலா மிஸ் ஒரு நோயாளியின் இரத்தத்தைப் போட்டார். 4.2 என்றது. இன்னொன்று 4.0 என்றது. அடுத்தது 4.4.

"எழுத்துப் பிழையெண்டால் என்ன, எண் வருகுதுதானே. காணும்" என்றார் கமலா மிஸ்.

எனக்கு அது போதவில்லை. வந்தது எல்லாம் இரட்டை எண். அளவு தெரிந்த ஒரு கரைசலைப் போடச் சொன்னேன். 5.0 காட்ட வேண்டும். 4.0 என்றது.

"கரைசல் பழசு" என்றார் மிஸ். "இந்தக் காலத்திலை எதுதான் சரியாக் கிடக்கு? வாசிக்கேக்கை ஒண்டைக் கூட்டி வாசிப்பம்."

சித்தப்பாவும் தலையாட்டினார். "ஓம், கிட்டத்தட்டச் சரிதானே. சமாளிக்கலாம்."

அண்ணை, அந்த இடத்தில்தான் எனக்குக் கொதித்தது. பெற்றோல் இல்லையா, மண்ணெண்ணெயில் கார் ஓட்டினோம். விளக்கு இல்லையா, ஜாம் போத்தலுக்குள் திரி போட்டோம். சவர்க்காரம் இல்லை, மருந்து இல்லை, எல்லாவற்றையும் சமாளித்தோம். அது எங்கள் கெட்டித்தனம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாதி சரியாக இருப்பதைப் பார்த்துக் கைதட்டும் அளவுக்குப் பழகிப்போனோமே, அது எப்படி நடந்தது? பொருட்களுக்குத் தடை போட்டு யாரோ எங்களுக்கு அரைவாசிதான் தருவார்கள் என்றால், நாங்களே எங்களுக்கும் அரைவாசிதான் கொடுக்க வேண்டுமா?

"மிஸ்," என்றேன், "இது ஒற்றை எண்ணை எல்லாம், புள்ளிக்கு முன்னாலையும் பின்னாலையும், ஒண்டு குறைச்சுக் காட்டுது. 5.7 வந்தால் 4.6 எண்டு காட்டும். உண்மையான 4.6 வந்தாலும் 4.6தான். நீங்கள் எதுக்கு ஒண்டைக் கூட்டுவியள், எதைச் சும்மா விடுவியள்?"

நான் கழற்றத் தொடங்கினேன். கமலா மிஸ் என் கையைப் பிடித்தார். கொழும்புத்துறையில் இருந்து வந்த ஒரு மீன்பிடிகாரர் வார்ட்டில் கிடந்தார். உங்களுடைய அதே சிறுநீரக வருத்தம், உங்களுடைய வயது.

"அந்தப் பெடியனுக்கு இண்டைக்கு ஒரு எண் வேணும், பிள்ளை. இருக்கிறதையும் கழட்டிக்கொண்டு போறீரே?"

"பிழையான எண் வேண்டாம் மிஸ். நாளைக்குச் சரியானதைத் தாறன்."

"நாளைக்கு வராட்டில்?"

டிஸ்பிளேயைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். வழி முழுக்கச் சித்தப்பா ஏசிக்கொண்டே வந்தார். "உன்ரை பிடிவாதத்துக்கு ஒரு உயிர் போனால் ஊர் உன்னைத்தான் சொல்லும்" என்றார். அவர் சொன்னது பிழையென்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

எண்ணை எட்டுக் கம்பிகள் பங்கு போட்டுக் கொண்டுபோகின்றன. ஒரு கம்பி ஒன்றைச் சொல்லும், அடுத்தது இரண்டை, அதற்கடுத்தது நாலை. ஒன்றைச் சொல்லும் கம்பி ஊமையானால் ஒற்றை எண் எல்லாம் ஒன்று குறைந்து நிற்கும், இரட்டை எண் தப்பிவிடும். மெஷினுக்கு எழுத்தும் ஒரு எண்தான், E இருந்த இடத்தில் D வந்ததும், Y இருந்த இடத்தில் X வந்ததும் அதனால்தான். அது ஏழாவது காலில் பூட்டிய கம்பி. கடையில் சாகக் கிடந்த பழைய பற்றறியோடு ஒரு ரோர்ச் பல்பைத் தொடுத்து, அதில் மின்சாரம் ஓடுகிறதா என்று பார்த்தேன். பல்ப் எரிந்தது. திரும்பப் பார்த்தேன், திரும்பவும் எரிந்தது. கம்பி நல்லது என்றால் நான் அத்தனை பேருக்கு முன்னால் கழற்றி வந்தது எதற்கு?

கோபத்தில் அந்தக் கம்பியைப் பிடித்து இழுத்தேன். ஈயத்தோடு சேர்த்துக் கழன்று கையில் வந்தது. பார்க்கப் பளபளவென்று இருந்த அந்த ஈயம் காலைத் தொடவே இல்லை. நடுவில் என் சாம்பிராணி கட்டிபட்டுக் கிடந்தது. பல்ப் வைத்துப் பார்த்தபோதெல்லாம் நான் அதன் முள்ளை ஈயத்தில் வைத்து அழுத்தியிருக்கிறேன். அழுத்தினால் பிடிக்கும், எடுத்தால் விட்டுவிடும். எங்கே பிழை என்று தெரிந்ததும் நான் சிரித்தேன், பிறகு அழுதேன், பிறகு வேலையைப் பார்த்தேன்.

உங்கள் மேசை லாச்சியின் அடியில், இதுவரை என் கண்ணில் படாமல், பசையும் உள்ளுக்குள் வைத்த நல்ல ஈயக் கம்பி கொஞ்சம் மிஞ்சி இருந்தது. எதற்காக அதைப் பொத்திப் பொத்தி வைத்தீர்கள்? பதினாலு காலையும் செப்புத் தெரியச் சுரண்டி, அதைக்கொண்டு முதலில் இருந்து பற்றவைத்தேன். இந்த முறை ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை.

மறுநாள் READY என்று வந்தது. பழைய கரைசல் 5.0 என்றது, அந்தக் கரைசல் பழுதே இல்லை. பிறகு அந்த மீன்பிடிகாரரின் இரத்தம். 5.9.

முந்தின நாளே போட்டிருந்தால் அது 4.8 என்று காட்டியிருக்கும். 4.8 என்றால் பயமில்லை என்று விட்டிருப்பார்கள். ஒன்றைக் கூட்டித்தான் வாசித்திருந்தால், அதற்கு முன் பார்த்த மூவரையும் பொட்டாசியம் கூடினவர்களாக்கியிருப்பார்கள். டொக்டர் எண்ணைப் பார்த்தார், "ஏறத் தொடங்கீட்டுது" என்றார், மருந்தை மாற்றினார். அவர் பிழைத்தார். போகும் நாளில் அவருடைய மனைவி ஒரு பை நிறையக் கருவாடு கொண்டுவந்து லாப்பில் வைத்துவிட்டுப் போனாள். நாங்கள் மீன் தொடாத மரக்கறிக்காரர் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கமலா மிஸ் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். அவர் மனைவியைப் பிடித்துக்கொண்டு படியிறங்குவதைப் பார்த்தபோது, ஏன் இவருக்குக் கிடைத்தது உங்களுக்குக் கிடைக்கவில்லை என்றுதான் நெஞ்சு கேட்டது. இன்னும் கேட்கிறது. அதை யாரிடம் போய்க் கேட்பேன்?

சித்தப்பா இன்னும் கடையைப் பூட்டச் சொல்கிறார், ஆனால் சத்தம் குறைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்து இன்னொரு மெஷின் வந்திருக்கிறது. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கும்வரை கழற்றுவேன்.

ஒன்று மட்டும் சத்தியம் பண்ணித் தருகிறேன், அண்ணை. உங்கள் எண் என்னவென்று கடைசிவரை எனக்குத் தெரியாமலே போய்விட்டது. இனி என் கையால் திருத்தின மெஷின் எவருக்கும் எண்ணை விழுங்காது. கிட்டத்தட்டச் சரி என்று யார் வந்து சொன்னாலும், அது டொக்டராக இருந்தாலும், மேலே பறந்து குண்டு போடுகிறவன் இறங்கி வந்து சொன்னாலும், நான் கழற்றுவேன்.

இப்படிக்கு,
பாதி ரேடியோக்களைத் திருத்திய
உங்கள் தங்கச்சி, மலர்