முக்காலியில் ஒரு வட்டம்

அன்புள்ள வாலுவுக்கு,

இன்று காலை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக, நீ என்னிடம் விட்டுப்போன செடிகளிலிருந்து பருத்தித் திரிகளை உருவிக் கைப்பையில் ஒளித்தேன். அப்புறம் தரையைத் துடைத்தேன். சிவப்பு வாளியைத் துப்புரவு அறையில் கொண்டுபோய் வைத்தேன். மணி ஏழரை. வேறு யாரும் வந்திருக்கவில்லை.

மூன்று நாள் விடுமுறை என்பதால் நீ சொல்லிக்கொடுத்தபடிதான் செய்தேன். முக்காலிமேல் வாளி, அதிலிருந்து தொட்டிக்கு ஒரு திரி. பெரணிச் செடிக்கு விட்ட திரி நழுவி வெளியே விழுந்து, வாளித் தண்ணீர் முழுவதையும் பலகைத் தரையில் சொட்டவிட்டது. அது கீழே ஒழுகியதில், கீழ்த்தளத்தில் பல்செட் செய்கிறவரின் மூன்று மூட்டை பல் அச்சு மாவு நனைந்து பாறையாகிவிட்டது. இனி யானைக்குத்தான் பல் கட்ட வேண்டும் என்று மூட்டையைத் தட்டிக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை.

கட்டட மேலாளர் நேராக என்னிடம்தான் வந்தார். செடியால் ஒரு சேதம் வந்தாலும் செடிகளும் என் மேசையும் அன்றைக்கே காலி என்று போன மாதம் கையெழுத்து வாங்கியவர். பதினைந்து வருடம் வீட்டுக்குள் இருந்துவிட்டு, மொழிபெயர்ப்பு வேலைக்கென்று நான் வாடகைக்குப் பிடித்த மேசை அது. திங்கட்கிழமைகளில் மட்டும் ஒரு டம்ளர்தான் ஊற்றுவேன் என்றேன். தொட்டிகளின் அடித்தட்டுகள் காய்ந்திருப்பதைப் பார்த்து நம்பிவிட்டார்.

முக்காலியை மட்டும் துடைக்க மறந்திருந்தேன். அதில் வாளியின் அடி வட்டமாகப் பதிந்திருந்தது. துப்புரவு அறையிலிருந்து வாளிகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். சிவப்பு பொருந்தியது. அது துப்புரவு செய்யும் அக்காவுடையது.

வியாழக்கிழமை அதை எனக்குக் கொடுத்ததே அக்காதான். உன் மான்ஸ்டெரா செடியைக் காட்டி, ஓட்டை இலைக்காரிக்கு லீவிலும் சாப்பாடு கேட்குதா என்று கேலி செய்தபடி நிரப்பியும் தந்தார். இன்று எல்லோர் முன்னாலும், ஜன்னல் துடைத்துவிட்டு வாளியை அப்படியே போட்டுவிட்டுப் போனாயா என்று மேலாளர் கேட்டார். இல்லைங்க என்றார் அக்கா. அப்படியானால் யார் என்று கேட்டதற்கு என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு, தெரியாதுங்க என்றார்.

நான் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வாலு.

நாளை பத்து மணிக்கு அக்காவை வேலையிலிருந்து நிறுத்துவது பற்றி முடிவெடுக்கப் போகிறார்களாம். மத்தியானம் அக்கா வழக்கம்போல் என் மேசைக்கு வந்தார். ஏதாவது கேட்பார் என்று பயந்தேன். பெரணிமேல் ஏசிக் காற்று நேராக அடிக்குது, நுனியெல்லாம் கருகுது பாரும்மா என்று சொல்லித் தொட்டியை ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாளை ஒன்பது மணிக்கே மேலாளர் மேசையில் இந்தத் திரிகளை வைத்துவிடப் போகிறேன். வீட்டில் அவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் வெளியே போகப்போவது உன் செடிகள். திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்கிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தவள் நான்.

பேருந்தில் ஒரு தொட்டியைத்தான் மடியில் வைத்துக்கொண்டு வர முடியும். உன் அம்மா வளர்த்த ஆந்தூரியத்தை எடுத்துக்கொள்கிறேன். என்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. அங்கே குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
குண்டூசி